வீட்டிலே ரத்த அழுத்தக் கருவி: வாங்குமுன் ஒரு வார்த்தை

மேற்கு மாம்பலத்தில் மருந்துக் கடைகளுக்குப் பஞ்சம் இல்லை. ஆரிய கவுடா ரோட்டிலும் லேக் வியூ ரோட்டிலும் ஒரு நடை நடந்தால் போதும். எண்ணி முடியாது. இந்தக் கடைகளில் மாத்திரைகளோடு சேர்ந்து இப்போது விலை போகும் சாமான் ஒன்று உண்டு. அதுதான் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. ஜனங்கள் அதை "பி.பி. மிஷின்" என்கிறார்கள்.

அதிலே புதிய ரகம் ஒன்று வந்திருக்கிறது. அது கம்பியில்லாக் கருவி. கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினால் போதும். கருவியில் தெரியும் எண் தானாகவே செல்போனுக்குப் போய்விடும். அங்கிருந்து உலகத்தின் எந்த மூலைக்கும் அனுப்பலாம்.

மேற்கு மாம்பலத்திலே இதற்கு வரவேற்பு இருப்பதில் வியப்பு இல்லை. இங்கே எத்தனையோ வீடுகளில் வயதான கணவனும் மனைவியும் மட்டுமே இருக்கிறார்கள். பிள்ளை அமெரிக்காவில் இருப்பான். பெண் சிங்கப்பூரில் இருப்பாள். "அப்பாவுக்கு பிரஷர் எப்படி இருக்கிறதோ" என்ற கவலை அவர்களுக்கு. பணம் கட்டிக் கருவியை வீட்டுக்கே வரவழைத்துக் கொடுக்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். குறை சொல்வதற்கில்லை.

ஆனால், ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. அந்த எண் கடைசியில் யாரிடம் போகிறது? பிள்ளையிடம் போகிறது. பிள்ளை பார்த்துப் பயப்படுகிறான், அல்லது நிம்மதியாகத் தூங்குகிறான். மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ தெரிந்த டாக்டரிடம் அது போகிறதா? போகாவிட்டால் கருவி வாங்கியும் பயன் பாதிதான்.

அன்று யானைக்கால், இன்று ரத்தக் கொதிப்பு

மாம்பலத்துப் பெரியவர்களுக்கு ஒரு பழைய கதை தெரியும். ஒரு காலத்தில் மேற்கு மாம்பலம் என்றாலே கொசு. கொசு என்றாலே யானைக்கால். "மேற்கு மாம்பலத்தில் வீடா?" என்று யோசித்தவர்கள் உண்டு. எம்.சி. சுப்பிரமணியம் என்ற தொண்டர் 1950-களில் இங்கே ஒரு தர்ம வைத்தியசாலையைத் தொடங்கினார். லேக் வியூ ரோட்டில் "பப்ளிக் ஹெல்த் சென்டர்" என்ற பெயரில் அது பெரிய ஆஸ்பத்திரியாக வளர்ந்தது.

யானைக்கால் நோய்க்கு ரத்தப் பரிசோதனை எப்போது செய்வார்கள் தெரியுமா? இரவில்! அந்தக் கிருமியின் குஞ்சுகள் பகலில் உள்ளே ஒளிந்து கொள்ளும். இரவில்தான் வெளி ரத்தத்துக்கு வரும். பகலில் ரத்தம் எடுத்தால், நோய் இருப்பவருக்கும் "இல்லை" என்று முடிவு வந்துவிடும். பரிசோதனை சரியானதுதான். எடுத்த நேரம்தான் தவறு.

ரத்த அழுத்தமும் இப்படித்தான். கருவி நல்லதாக இருந்தாலும், பார்க்கும் நேரமும் விதமும் தவறினால் எண் தவறிப் போகும். யானைக்காலிலாவது வீங்கிய கால் கண்ணுக்குத் தெரிந்தது. ரத்தக் கொதிப்போ கண்ணுக்கும் தெரிவதில்லை. பெரும்பாலோருக்கு வலியும் இல்லை.

இருதயம் ஒரு பம்பு. அது ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் ரத்தத்தைக் குழாய்களில் தள்ளுகிறது. தள்ளும்போது குழாயின் மேல் ஏற்படும் அழுத்தம் மேல் எண். இருதயம் ஓய்வு எடுக்கும் கணத்தில் இருக்கும் அழுத்தம் கீழ் எண். 120/80 என்று டாக்டர் எழுதுவது இதைத்தான். அழுத்தம் பல வருஷம் கூடுதலாகவே இருந்தால் என்ன ஆகும்? இருதயம் களைக்கும். சிறுநீரகம் கெடும். மூளையில் ரத்தக் குழாய் அடைத்துக் கொள்ளும், அல்லது வெடிக்கும். அதைத்தான் பக்கவாதம் என்கிறோம்.

இது எங்கோ யாருக்கோ வரும் நோய் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்காகச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பு 2023-ல் வெளியாயிற்று. வயது வந்தவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் ரத்தக் கொதிப்பு இருப்பதாக அதிலே தெரிந்தது. மூன்று பேரில் ஒருவர்!

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் கதையைக் கேளுங்கள். 1944 மார்ச்சில் ஓர் இருதய டாக்டர் அவரைப் பரிசோதித்தார். அழுத்தம் 186/108. அன்று அதைக் குறைக்க நல்ல மருந்து கிடையாது. 1945 ஏப்ரல் 12-ந் தேதி அவருக்குத் தாங்க முடியாத தலைவலி வந்தது. அப்போது எடுத்த அளவு 300/190. மூளையில் ரத்தக் கசிவு. சில மணி நேரத்தில் உயிர் போயிற்று. அவருக்கு வயது 63. இன்று மாம்பலத்து மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் மாத்திரை அன்று வெள்ளை மாளிகையிலேயே இல்லை. இன்று மாத்திரை இருக்கிறது. அளக்கத்தான் ஆள் இல்லை.

எந்தக் கருவி வாங்குவது?

முதல் யோசனை இதுதான்: முழங்கைக்கு மேலே, புஜத்தில் பட்டை சுற்றும் கருவியையே வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவதும் உண்டு. கையைச் சரியாக இருதய மட்டத்துக்குத் தூக்கிப் பிடிக்காவிட்டால் அது தவறாகக் காட்டும். புஜத்தில் பட்டை சுற்றவே முடியாதவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டு அதை வாங்கலாம். விரலில் மாட்டும் கருவி வேண்டவே வேண்டாம்.

பட்டையே இல்லாமல், கைக்கடிகாரமே அழுத்தம் சொல்லும் என்கிறார்கள். ஐரோப்பிய இருதய நோய் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் இத்தகைய பட்டையில்லாக் கருவிகளை நோய் கண்டறிய உபயோகிக்கச் சிபாரிசு செய்யவில்லை. செல்போன் மீது விரலை வைத்தால் அழுத்தம் தெரியும் என்றும் ஒரு வியாபாரம் நடந்தது. அமெரிக்காவில் அப்படி ஒன்றைச் சோதித்து 2016-ல் முடிவு வெளியிட்டார்கள். உண்மையில் ரத்தக் கொதிப்பு இருந்தவர்களில் பத்துக்கு ஏறக்குறைய எட்டுப் பேரை "அழுத்தம் கூடுதலாக இல்லை" என்று அது சொல்லியிருந்தது! கருவி இல்லாமல் இருந்தால்கூட அவர்கள் டாக்டரிடம் போயிருப்பார்கள். பொய்யான நிம்மதி பயத்தைவிடக் கெட்டது.

அடுத்தது பட்டையின் அளவு. கடைக்காரர் இதைச் சொல்வது அபூர்வம். வாங்குபவர் கேட்பது அதைவிட அபூர்வம். சாதாரணப் பட்டை 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைக்குத்தான் பொருந்தும். பருத்த கைக்கு 42 சென்டிமீட்டர் வரை பொருந்தும் பெரிய பட்டை வேண்டும். பட்டை சிறியதாக இருந்தால் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். பெரியதாக இருந்தால் குறைத்துக் காட்டும். 2023-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றிப் பார்த்தார்கள். மேல் எண் சராசரி 20 புள்ளி அளவுக்குக் கூடிவிட்டது. இல்லாத நோய்க்கு மாத்திரை சாப்பிட அது போதுமே! ஆகவே கடைக்குப் போகுமுன், தையல்காரர் டேப்பால் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை அளந்து கொண்டு போங்கள். டேப் இல்லையா? நூலைச் சுற்றி, அதை ஸ்கேலில் வைத்துப் பாருங்கள்.

கருவி சோதிக்கப்பட்டதா என்பதும் முக்கியம். இதற்குச் சர்வதேச விதி இருக்கிறது. குறைந்தது 85 பேர் மீது, தேர்ந்தவர்கள் காதால் கேட்டு எடுத்த அளவோடு கருவியின் அளவை ஒப்பிட வேண்டும். அப்படித் தேறிய கருவிகளின் பட்டியலை "ஸ்டிரைட் பி.பி." என்ற லாப நோக்கம் இல்லாத அமைப்பு இணையத்தில் வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். கம்பெனியின் பெயரை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. ஒரே கம்பெனியில் ஒரு மாடல் சோதனையில் தேறியிருக்கும், இன்னொன்று சோதனைக்கே போயிருக்காது. பெட்டியின் மேல் இருக்கும் மாடல் எண்ணைப் பட்டியலில் தேடுங்கள். கண் தெரியாவிட்டால் பேரப் பிள்ளையைத் தேடச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கு வாங்குகிறவர்கள், கர்ப்ப காலத்துக்கென்று தனியாகச் சோதித்த மாடல்தானா என்று பார்க்க வேண்டும்.

கருவி செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் விற்கிறீர்கள். ஆனால் பல பெட்டிகளில் தமிழ் விளக்கத்தைத் தேடினாலும் கிடைப்பதில்லை. ஒரு தாள் அச்சடிக்க எவ்வளவு ஆகும்?

கம்பியில்லாமல் வருவதால் என்ன லாபம்?

தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கம்பி இல்லாததால் அளவு சரியாகிவிடுவதில்லை. அழுத்தத்தை அளப்பது பட்டைதான். பட்டை காற்றால் உப்பி, கையில் ஓடும் ரத்தக் குழாயை இறுக்குகிறது. பிறகு காற்று இறங்குகிறது. அப்போது குழாயின் துடிப்பு பட்டையில் அதிர்கிறது. அந்த அதிர்வை வைத்துக் கருவி கணக்குப் போடுகிறது. இதுவரை எல்லாக் கருவிகளும் ஒன்றுதான். வந்த எண்ணைச் செல்போனுக்குச் சொல்வது மட்டுமே கம்பியில்லாக் கருவியின் கூடுதல் வேலை. அதற்காகக் கூடுதல் விலை. பணம் குறைவாக இருந்தால், செல்போன் வசதி இல்லாத நல்ல கருவியும் ஒரு நாற்பது பக்க நோட்டும் போதும்.

அப்படியானால் அதனால் பயனே இல்லையா? உண்டு. மனிதர்கள் எண்ணை எழுதும்போது கொஞ்சம் "திருத்தி" எழுதுவார்கள்! 158 வந்தால் 150 என்று போடுவார்கள். டாக்டரிடம் திட்டு வாங்க யாருக்கு ஆசை? கருவி அப்படிச் செய்யாது. கண் மங்கியவர்களுக்கும் எழுதக் கை நடுங்குகிறவர்களுக்கும் அது பெரிய உதவி.

ஆனால் இங்கே ஒரு வேடிக்கையும் நடக்கும். வீட்டில் கருவி ஒன்று, பார்ப்பவர்கள் இருவர். கணவர் பார்த்து முடித்ததும் அதே பெயரில் மனைவியும் பார்த்துவிடுவார். இருவர் எண்ணும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடும். வெளிநாட்டில் இருக்கும் மகன், "அப்பாவுக்குக் காலையில் 118, ஐந்து நிமிஷத்தில் 162!" என்று பதறிப் போன் செய்வான். பல கருவிகளில் இரண்டு பேருக்குத் தனித்தனிப் பொத்தான் உண்டு. அதை மாற்றாமல் பட்டையைச் சுற்றாதீர்கள். பாட்டரி மாற்றிய பிறகு தேதியும் மணியும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் எண்கள் செல்போனோடு நிற்காமல் கம்பெனியின் கணினிக்கும் போகக்கூடும். யாருக்குக் காட்ட அனுமதி என்று செல்போன் கேட்டால், படிக்காமல் "சரி" என்று தட்ட வேண்டாம்.

பார்க்கும் விதம்

காலையில் எழுந்ததும் சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். காப்பி குடிக்கக் கூடாது. மாம்பலத்துக்காரர்களிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான். டிகாக்‌ஷன் இறங்கும் வாசனை வரும். ஆனாலும் பி.பி. பார்த்த பிறகே காப்பி. காப்பியோ, சிகரெட்டோ, நடைப் பயிற்சியோ ஆகியிருந்தால் அரை மணி நேரம் போகட்டும். காலை மாத்திரையும் அளவு பார்த்த பிறகுதான்.

முதுகு சாயும் நாற்காலியில் உட்காருங்கள். ஊஞ்சல் கூடாது. கால் மேல் கால் போடக்கூடாது. இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும். ஐந்து நிமிஷம் சும்மா இருங்கள். டி.வி. வேண்டாம். பேசவும் வேண்டாம். "ஏங்க, எவ்வளவு காட்டுது?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தால் பதில் சொல்லாதீர்கள். பேசினாலே எண் ஏறும்.

பட்டையைத் துணி மேல் சுற்றாதீர்கள். வெறும் கையில் சுற்றுங்கள். ரவிக்கையின் கை இறுக்கமாக இருந்தால், மேலே சுருட்டிவிட்டால் அது கையை இறுக்கும். தளர்ந்த கை வைத்த ரவிக்கை போட்டுக் கொள்ளுங்கள். கையை மேஜை மீது வையுங்கள். பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். 2024-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கையை மடியில் வைத்தபோது மேல் எண் சுமார் 4 புள்ளியும், பக்கத்தில் தொங்கவிட்டபோது 6 புள்ளிக்கு மேலும் கூடுதலாக வந்தது. முதல் தடவை இரண்டு கையிலும் பாருங்கள். எந்தக் கையில் கூடுதலோ, பிறகு அந்தக் கையிலேயே எப்போதும் பார்க்க வேண்டும். வித்தியாசம் தொடர்ந்து 10 புள்ளிக்கு மேல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஒரு முறை பார்த்துவிட்டு எழுந்து விடக்கூடாது. ஒரு நிமிஷம் விட்டு இரண்டாம் முறை பார்த்து, இரண்டையும் எழுதிக் கொள்ளுங்கள். மாலையிலும் இதே போல. டாக்டரிடம் போகுமுன் ஏழு நாள் இப்படிப் பார்த்தால் போதும். முதல் நாள் எண்களைத் தள்ளிவிடுங்கள். அன்று கருவியும் புதிது, பயமும் புதிது. மீதி ஆறு நாளில் 24 எண்கள். மேல் எண்களைக் கூட்டி 24-ஆல் வகுத்தால் சராசரி. கீழ் எண்களுக்கும் அப்படியே. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இந்தக் கணக்கை ஒரு நொடியில் போட்டுத் தருவான்.

எண் என்ன சொல்கிறது?

ஆஸ்பத்திரியில் 140/90 தொட்டால் கொதிப்பு என்பது பெரும்பாலான டாக்டர்கள் கொண்டிருக்கும் கணக்கு. வீட்டில் அமைதியாக இருக்கும்போது எண் குறைவாகவே இருக்கும். ஆகவே வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் போனாலே கூடுதல். சிலருக்கு டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே எண் ஏறும், வீட்டில் சரியாக இருக்கும். சிலருக்கு நேர்மாறு. ஆஸ்பத்திரியில் சரியாக இருக்கும், வீட்டில் ஏறும். இரண்டாவது ரகம்தான் ஆபத்து. டாக்டருக்கும் தெரியாது, தனக்கும் தெரியாது. அதைக் காட்டிக் கொடுப்பதே வீட்டுக் கருவியின் பெரிய உபகாரம்.

180/120 வந்தால்? நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, திடீரெனப் பார்வை மங்குதல், தாங்க முடியாத தலைவலி இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். மகனுக்குப் போன் பிறகு. இந்த அறிகுறிகள் எதுவும் இல்லையென்றால் ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி பாருங்கள். இறங்காவிட்டால் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். பயத்தில் இரண்டு மாத்திரையாகப் போட்டுக் கொள்ளாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 140/90 வந்தாலே அவர்கள் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எண் நன்றாக இறங்கிவிட்டால் சிலர் மாத்திரையை நிறுத்தி விடுகிறார்கள். இறங்கியதே மாத்திரையால்தானே! நாற்காலியின் காலை எடுத்துவிட்டு, "இவ்வளவு நேரம் நன்றாகத்தானே நின்றது" என்பது போல இருக்கிறது இது. மாற்ற வேண்டுமானால் டாக்டர் மாற்றட்டும். எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா? அதையும் நோட்டில் எழுதிக் கொண்டு போங்கள். முதியவர்கள் கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிவது இப்படித்தான்.

மறுபடியும் அந்தக் கேள்விக்கு வருவோம். எண் யாரிடம் போகிறது? பல நாட்டு ஆய்வுகளை ஒன்று சேர்த்து 2017-ல் முடிவு வெளியிட்டார்கள். வீட்டில் வெறுமனே அளந்து கொண்டவர்களுக்கு அழுத்தம் பெரிதாக இறங்கவில்லை. அளந்ததோடு டாக்டரோ, நர்ஸோ, மருந்தாளுநரோ கூடவே கவனித்து மாத்திரையை மாற்றியவர்களுக்கு நன்றாக இறங்கியது. 2018-ல் இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்விலும், வீட்டு எண்களைப் பார்த்து டாக்டர் மருந்தைத் திருத்தியவர்களுக்கே அதிக லாபம்.

ஆகவே பிள்ளைகளுக்கு நாம் சொல்வது: அப்பாவின் எண் உங்களுக்கு வரட்டும். ஆனால் அங்கிருந்து கொண்டே "அந்த மாத்திரையை அரையாக்கு" என்று சொல்லாதீர்கள். உள்ளூர் டாக்டரிடம் நோட்டை யார் கொண்டு போவது என்று முதலில் ஏற்பாடு செய்யுங்கள். டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கூட்டம் அதிகம் என்பது தெரியும். ஆனாலும் நோயாளி கொண்டு வரும் நோட்டைத் தள்ளி வைக்காதீர்கள். ஒரு நிமிஷம் புரட்டுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை அவருடைய கருவியை உங்கள் கருவியோடு ஒப்பிட்டுச் சரி பார்த்துக் கொடுங்கள்.

கருவி வாங்கப் பணம் இல்லாதவர்கள் என்ன செய்வது? கவலை வேண்டாம். நகரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகப் பார்க்கிறார்கள். மாத்திரையும் தருகிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம், பெண் தொண்டர்கள் வீட்டு வாசலுக்கே வந்து அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்க வழி செய்தது. உங்கள் தெருவுக்கு யார் வருகிறார், எந்தக் கிழமை வருகிறார் என்று சுகாதார நிலையத்தில் கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். அவர் வரும்போது காப்பியைக் கையில் வைத்துக் கொண்டு கையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிஷம் உட்காரச் சொல்லுங்கள். நீங்களும் உட்காருங்கள்.